போன்களைப் பெட்டியில் பூட்டினேன், பேச்சு திரும்பவில்லை

கேள்வி: எனக்கு வயது 49. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 15 வயது மகன். கொஞ்ச காலமாகவே வீட்டில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு திரை. பொறுக்க முடியாமல் போன மாதம் ஒரு விதி போட்டேன். இரவு எட்டு மணிக்கு எல்லோருடைய போனும் ஒரு பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் காலையில்தான் திறப்பேன். அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்பதால் என்னுடையது மட்டும் மேஜைமேல் இருக்கும். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது முணுமுணுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. சாப்பிட்டதும் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மனைவி முகம் கொடுத்தே பேசுவதில்லை. இதற்கிடையே மகளின் மடிக்கணினியில் எதேச்சையாக ஒன்று கண்ணில் பட்டது. இரவுகளில் அவள் ஒரு சாட்பாட்டிடம், அதாவது நாம் எழுதினால் பதில் எழுதும் கணினி நிரலிடம், தன் கவலைகளையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். பெற்றவர்களிடம் சொல்லாததை இயந்திரத்திடம் சொல்கிறாள். அதைத் தடுத்துவிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை பார்ப்பது ஆரோக்கியமானது? நான் செய்தது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில் வருகிறது: உங்கள் போன் மட்டும் மேஜைமேல் இருக்கும் என்ற வரி. அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டாரும் முதலில் கவனித்தது அதைத்தான் என்று பந்தயமே கட்டுவேன். விதியை வகுத்தவர் அதற்கு வெளியே நின்றுகொண்டால், உள்ளே இருப்பவர்களுக்கு அது தண்டனையாகத்தான் படும். அதிலும் 15 வயது என்பது நியாய அநியாயத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வயது.

அந்த அலுவலக அழைப்பு உண்மையிலேயே வருகிறதா? போனிலுள்ள அழைப்புப் பட்டியலைத் திறந்து, கடந்த மாதம் எட்டு மணிக்கு மேல் வந்தவற்றில் எத்தனை விடியும்வரை காத்திருக்க முடியாதவை என்று பாருங்கள். நீங்கள் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தால் கணிசமாக இருக்கும். இல்லையென்றால் விடை உங்களையே கொஞ்சம் சங்கடப்படுத்தலாம். வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரியிலேயே சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆனால் "அவசரமென்றால் அழையுங்கள், செய்தி அனுப்பினால் காலையில்தான் பார்ப்பேன்" என்று மேலதிகாரியிடம் சொல்வதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. சொல்லிவிட்டு, மணியொலியைக் கூட்டி வைத்து, போனை அடுத்த அறையில் வையுங்கள். அடித்தால் எழுந்து போய் எடுக்கலாம்.

சும்மா கிடக்கிற போன் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், முன்பின் அறியாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார்த்திப் பேசவைத்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருந்தபோது ஏற்பட்ட நெருக்கம், அதே இடத்தில் ஒரு போன் இருந்தபோது ஏற்படவில்லை. மனதுக்கு முக்கியமான விஷயத்தைப் பேசும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. போனைத் திட்டும் கட்டுரைகள் பலவற்றில் இந்த ஆய்வைப் பார்க்கலாம். 2021இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதை அந்தக் கட்டுரைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆகவே, கிடக்கிற போனுக்குள் பேய் இருக்கிறது என்று நான் உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. மகள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது நீங்கள் அதன் பக்கம் குனிகிறீர்கள் அல்லவா, எனக்குக் கவலை அதுதான்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடங்கள் குழந்தையையே பார்த்தபடி இருக்க வேண்டும். தாய் எங்கும் போகவில்லை, எதிரிலேயே இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது; பலன் இல்லையென்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். ஒன்றிரண்டு முறை "ம்… ம்…" என்ற பதில் மட்டும் கிடைத்தால் அந்த விஷயத்தை உங்களிடம் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் பேச்சு நின்றது போன மாதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது நின்று வெகுநாளாகியிருக்க வேண்டும். திரைகளின் சத்தத்தில் அது தெரியாமல் இருந்தது. போனைப் பெட்டியில் போட்டதும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். நோக்கம் சரி, கணக்குத்தான் பிசகிவிட்டது. திரைக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் அது தானாகவே மனிதர்களின் கணக்கில் சேரும் என்று எண்ணிவிட்டீர்கள். 2018இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைத்தார்கள். சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் அவர்களுக்கு மிச்சமானது. குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் செலவிட்ட நேரம் கூடியது உண்மை. தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்த நேரமும் கூடத்தான் கூடியது. மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, கொஞ்சம்தான். மிச்சமாகும் நேரம் எங்கே போக வேண்டும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாரும் முடிவு செய்யாததால் அது மூடிய கதவுகளுக்குப் பின்னால் போய்விட்டது.

பெட்டிக்குள் நீங்கள் போட்டது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு உங்கள் மனைவி போனில் என்ன செய்துகொண்டிருந்தார்? கடிதத்தில் அது இல்லை. உங்களுக்குத் தெரியாததால் விட்டுவிட்டீர்களா, அல்லது எழுதத் தோன்றவில்லையா? என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு அன்றைய வேலையெல்லாம் ஓய்ந்து அக்காவிடமோ பழைய தோழியிடமோ பேசக் கிடைக்கும் ஒரே வேளை அதுதான். மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடுகிறான் என்றால், அந்த ஹெட்போனில் கேட்பது பெரும்பாலும் அவன் வகுப்புப் பையன்களின் குரல்தான். நீங்கள் பூட்டியது அவனுடைய விளையாட்டுத் திடலை. இரண்டையும், முடிவே இல்லாமல் நழுவிக்கொண்டிருக்கும் குறுங்காணொளிகளையும் "திரை" என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பெட்டியில் அடைத்துவிட்டீர்கள்.

இந்த வேலையில் எனக்குப் பயன்படுகிற ஓர் அளவுகோல் உண்டு. இன்றைக்கு நீங்கள் வராவிட்டால், மறுமுனையில் யாராவது "ஏன் வரவில்லை?" என்று கேட்பார்களா? அக்கா கேட்பார். விளையாட்டுக் கூட்டாளிகள் நிச்சயமாகக் கேட்பார்கள், அன்று தோற்றிருந்தால் கொஞ்சம் காரமாகவே கேட்பார்கள். குறுங்காணொளிச் செயலியும் கூப்பிடத்தான் செய்யும், ஆனால் அந்த அறிவிப்பை அனுப்புவது ஒரு கணக்கீடு. உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் எவர் பெயர் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பக்கத்தின் அடியே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகும் அமைப்பை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின், பிற்பாடு அதற்காகப் பகிரங்கமாகவே வருத்தம் தெரிவித்தார். அடி என்ற ஒன்று இருந்தால்தானே மனிதர் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்!

ஆகவே பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நால்வரும் உட்கார்ந்து விதியை மாற்றி எழுதுங்கள். பெட்டிக்குள் முதலில் உங்கள் போன் போகட்டும். நேரம் ஒரு மணியாகச் சுருங்கட்டும், சாப்பாட்டு நேரத்தை ஒட்டியதாக இருக்கட்டும். மனைவியின் அழைப்பு நேரத்தையும் மகனின் விளையாட்டு நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். நீங்கள் தலைமை வகிக்க வேண்டாம். அதை மகனிடம் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு கறாராக நடத்துகிறான் என்று தெரியும். அப்படியே எல்லோருடைய போனிலும் மனிதர்கள் அனுப்பாத அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசுவது? பேச முயலாதீர்கள் என்பதே என் யோசனை. "இன்றைக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு பதிலை உலகில் எந்தப் பிள்ளையும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் அது விசாரணை. பக்கத்தில் பக்கத்தில் இருந்து கையால் ஏதாவது செய்யும்போது பேச்சு தானாக வரும்: பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது. கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபோதுதான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது. மகனிடம் அந்த விளையாட்டைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். மோசமாகத் தோற்பீர்கள். அவனுக்குத் தெரிந்த ஒன்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்ற நிலையில் இருந்து அவன் உங்களோடு பேசத் தொடங்குவது, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட எவ்வளவோ மேல். நீங்களும் உங்கள் நாளிலிருந்து ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அலுவலகத்தில் மூக்குடைபட்டதையோ குழப்பமாக இருப்பதையோ சொல்லலாம். அறிவுரையில் போய் முடியாததாக இருந்தால் சரி.

இதற்கு நாள் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாக அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வேலையிடத்தில் ஒன்றாக இருந்த நேரம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. குடும்பத்தை அப்படியே இந்தக் கணக்கில் பொருத்த முடியாது என்றாலும், ஒரே கூரையின்கீழ் கழித்த வருடங்களையெல்லாம் நெருக்கமாக எண்ணிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இது ஒரு நல்ல குட்டு. ஒரு மாத அமைதியைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள்.

தொழில்நுட்பத்தை எதிரியாக வைத்தும் இதைச் செய்ய வேண்டியதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சரும் சகாக்களும் 7 முதல் 12 வயதுவரையான சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேசவைத்து, கணக்குப் போடவைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலருக்குத் தாய் நேரில் வந்தார், சிலருக்குத் தொலைபேசியில் பேசினார். இரு பிரிவினருக்கும் பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் தணிந்தது, பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியது. 2010இல் வெளியான முடிவு இது. இரண்டு வருடம் கழித்து, தாய் குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஆக்சிடோசின் கூடவில்லை, கார்ட்டிசாலோ, தாயின் தொடர்பே கிடைக்காத சிறுமிகளுக்கு இருந்த அளவில்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல நினைக்கும்போது எழுதாமல் அழையுங்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மனைவிக்கு ஒரு நாளில் நீங்கள் எத்தனை முறை அழைக்கிறீர்கள்? வேலை சொல்வதற்காகவும், எப்போது வருவேன் என்று தெரிவிப்பதற்காகவும் அழைப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எத்தனை மணி நேரம் சரி? உங்கள் பிள்ளைகளின் வயதில் அதற்கு ஒற்றை எண் கிடையாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரம்பு சொல்லியிருக்கிறது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஆனால் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கமே, வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்திருந்த பொது வரம்பை 2016இல் கைவிட்டது. தூக்கம், உடலுழைப்பு, படிப்பு, நேரில் பழகும் நேரம் இவற்றைத் திரை தின்னவில்லையா என்று பார்க்கச் சொல்கிறார்கள். தூக்கத்தை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். படுக்கையறைக்குள் போன் வேண்டாம், உங்களுடையதும்தான். விழித்தெழ மணி வேண்டுமென்றால் ஒரு கடிகாரம் போதும்.

இனி உங்கள் மகள். எதேச்சையாகக் கண்ணில் படுவது ஒரு வரி. பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று தெரிய வேண்டுமானால் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பயந்த அப்பா செய்யக்கூடியதுதான். ஆனால் அவளுக்கு அது தெரியவரும்போது, உங்கள் வாயிலிருந்தே தெரியவருவது நல்லது. "உன் கணினியில் நீ எழுதியதில் கொஞ்சம் படித்துவிட்டேன். படித்திருக்கக்கூடாது. இனி தொட மாட்டேன்." இதோடு நிறுத்துங்கள். அதில் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். கோபப்படுவாள், படட்டும்.

இயந்திரத்திடம் மனம் திறப்பது இந்தத் தலைமுறையின் விசித்திரம் என்று நினைக்காதீர்கள். எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலைசா என்றொரு நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர்போல அது பேசும். நாம் எழுதியதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், வேறெதுவும் அதற்குத் தெரியாது. வைசன்பாமின் செயலாளர், மாதக்கணக்கில் அவர் அதை உருவாக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சில வரிகள் தட்டச்சு செய்ததும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம், தனியாகப் பேச வேண்டும் என்று! இன்றைய சாட்பாட்டுகள் அதைவிட எத்தனையோ மடங்கு தேர்ந்தவை. உங்கள் மகள் ஏமாந்தவள் அல்லள். இடையில் வெட்டாத, தீர்ப்புச் சொல்லாத, "இதற்குத்தான் அப்போதே சொன்னேன்" என்று தொடங்காத ஒரு காது அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தக் காதில் குறையும் உண்டு. அது மிகச் சுலபமாக ஆமாம் சாமி போடும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று, அந்தச் சாட்பாட்டை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. தோழி ஒருத்தி "தப்பு உன் பேரிலும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வந்து பக்கத்தில் உட்காருவாள். அந்த இரண்டும் சேர்ந்து சாட்பாட்டிடம் கிடைக்காது. நான் சொன்ன அளவுகோலையும் இதில் வைத்துப் பாருங்கள். நாளை இவள் போகாவிட்டால் அது தேடாது. அதற்கு இவளிடமிருந்து எதுவும் வேண்டியதும் இல்லை. பிறருக்கு நாம் தேவைப்படுகிறோம் என்பதும் நெருக்கத்தின் பாதி, அது அங்கே இல்லை. எழுதுவது அந்தச் சாட்பாட்டை நடத்தும் நிறுவனத்தின் கணினிகளில் தங்கக்கூடும் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும். இதை அவளிடம் பொதுவாகச் சொல்லலாம், உபதேசமாக வேண்டாம்.

தடுக்காதீர்கள். தடுத்தால் போய்விடுவது செயலி மட்டும்தான், சொல்ல வேண்டிய கவலை அப்படியே இருக்கும். இருந்த ஒரு வாசலையும் அப்பா அடைத்துவிட்டார் என்பது அதோடு சேரும். சில வாரங்களுக்கு அவளைக் கவனியுங்கள். தோழிகளோடு வெளியே போகிறாளா, சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கின்றனவா, முன்பு பிடித்தவற்றில் இப்போதும் ஈடுபாடு இருக்கிறதா? இருந்தால், அந்தச் சாட்பாட் அவளுக்கு ஒரு நாட்குறிப்பு மாதிரி, விட்டுவிடலாம். எதுவாக இருந்தாலும் உங்களிடம் வரலாம் என்பதை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால், பேச்சு முடியும்வரை யோசனை எதையும் சொல்லாதீர்கள். இதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கப் போகிறது. அம்மாவிடம் பேசுவது அவளுக்குச் சுலபம் என்றால் நீங்கள் விலகி வழிவிடுங்கள்.

ஆனால் அவள் எல்லோரையும் விட்டு ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், படிப்பு திடீரென்று சரிந்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தால், அல்லது நீங்கள் ஏற்கெனவே படித்தவற்றிலேயே அப்படி ஏதாவது இருந்திருந்தால், அந்தரங்கம், காத்திருப்பு என்று மேலே சொன்ன எதையும் பார்க்காதீர்கள். அவளிடம் நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட வேண்டும் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சந்திப்புக்கு முன்பதிவு கிடைக்கவில்லை என்றால், மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள்.